இரண்டு மணி ஐந்து நிமிடப் பயணம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இன்று காலைவரை உங்கள் வீட்டில்தான் இருந்தேன். ஆகவே உங்கள் நலம் எனக்குத் தெரியும். இருந்தாலும் கடிதம் என்றால் முறை என்று ஒன்று இருக்கிறதே. தாங்களும் சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும், என் மகளும், பிறந்த பத்தே நாளில் நம் ஆறு பேரையும் ஆட்டிவைக்கும் அந்தச் சின்ன முதலாளியும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் விமானம் மாறும் இந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அன்று தொலைபேசியில் நீங்கள், "டிக்கெட்டை நம்ம பையன் போட்டுக் கொடுப்பான் சம்பந்தி" என்றபோது, "முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிப்போவுல டைம் கீப்பரா இருந்தவனுக்கே வழி சொல்றீங்களா?" என்று எகிறினேன். கணினிக் கடைக்குப் போய் நம் இரண்டு ஊர் விமான நிலையங்களின் பெயரையும் தட்டச் சொன்னேன். தூரம் ஆயிரத்து நூற்று நாற்பது கிலோமீட்டர், பறக்கும் நேரம் இரண்டு மணி ஐந்து நிமிடம் என்று பளிச்சென்று வந்தது. எங்கள் டிப்போவில் கிலோமீட்டரும் ஓட்ட நேரமும் எழுதிவிட்டால் அந்தத் தடத்தில் வண்டி உண்டு என்று அர்த்தம். வண்டியே இல்லாத தடத்துக்கு எவனாவது ஓட்ட நேரம் போடுவானா? பஸ் மாதிரி டிக்கெட்டை அங்கேயே எடுத்துக்கொண்டு காலை ஆறு மணிக்கு ஏறினால் எட்டு ஐந்துக்கு இறங்கலாம், பதினொரு மணி பிரசவ ஆபரேஷனுக்கு அம்மா உன் பக்கத்தில் இருப்பாள் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, விடியற்காலையில் இரண்டு பெட்டியோடும் வீட்டுக்காரியோடும் விமான நிலையத்தில் போய் நின்றால், கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஐயா, அது விமானம் இருந்தா ஆகுற நேரம். இங்கேருந்து அங்கே விமானமே கிடையாது."

"அப்போ எதுக்கும்மா நேரம் போட்டிருக்கான்?"

"தூரத்தை வேகத்தால வகுத்துப் போட்டிருப்பாங்கய்யா."

என் வீட்டுக்காரி அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அந்தப் பெண் புண்ணியவதி, மூன்று விமானம் மாறிப் போக வழி பார்த்துக் கொடுத்தாள். வந்து சேர்ந்தபோது மாலை ஏழு. "அம்மா வராம உள்ளே போகமாட்டேன்" என்று என் மகள் அடம்பிடித்ததும், நீங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா வர்ற வரைக்கும் நான் இருக்கேம்மா" என்று ஆபரேஷன் அறை வாசல்வரை கூடவே நடந்ததும், மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்களாகச் சொல்லவில்லை. என்னை ஒரு வார்த்தை குத்திக்காட்டவும் இல்லை. "பிளேன்ல ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டீர்கள். இந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, சம்பந்தி. என் மகளுக்கு நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு மாதம் இருங்கள் என்றீர்கள். பெண் கொடுத்த வீட்டில் பத்து நாளுக்கு மேல் தங்குவது அழகல்ல என்று நான்தான் பிடிவாதமாகக் கிளம்பினேன். இனி மூன்று மாதத்துக்கு உங்களைத் தொந்தரவு செய்யமாட்டோம். இந்தத் தடவை எல்லா விமானத்தின் நேரத்தையும் தாளில் குறித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். ஒரு நிமிடம் பிசகாது. சம்பந்தியம்மாவுக்கு வணக்கம், மற்ற மூவருக்கும் என் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
என்றும் கடமைப்பட்ட சம்பந்தி

பின்குறிப்பு: எழுதுகிற மும்முரத்தில் விமானத்தை விட்டுவிட்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் அடுத்தது நாளை மறுநாள்தானாம். உங்கள் ஊருக்கு இன்று மாலையே ஒன்று இருக்கிறது, அதில் ஏறுகிறோம். கடிதத்தை நானே கொண்டுவந்து தருகிறேன். "ஏறச் சொல்லிக் கூப்பிட்டது உன் காதுல விழலையா?" என்று வீட்டுக்காரியைக் கேட்டேன். "விழுந்துச்சுங்க, ரெண்டு தடவை" என்கிறாள். "பிள்ளையை நான் இன்னும் ஒரு நாள்கூட குளிப்பாட்டலையே."