ஏரம்பமூர்த்தி சோபா துறந்த கதை

"இன்னையிலேர்ந்து இந்த வீடு ஒரு மடம்!" என்று ஏரம்பமூர்த்தி அறிவித்தபோது, அவர் மனைவி ஞானாம்பிகை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"மடத்துல சத்தம் போடலாமா?"

"கூடாது. அமைதிதான் முக்கியம்."

"அப்ப கத்தாம சொல்லுங்க. காதுல விழுது."

ஏரம்பமூர்த்தி கைபேசியை நீட்டினார். ஜப்பானியத் துறவிகளின் அறை. வெள்ளைச் சுவர், ஒரு பாய், ஒரு பூச்சாடி. வேறொன்றும் இல்லை. பார்த்தாலே மனம் அடங்கிவிடும் என்றார். அடங்காத மனம் என்றால் அவருடையதுதான். ஓய்வு பெற்றதிலிருந்து ஜெலுத்தோங் வீட்டில் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்தே மனுஷன் செருப்பைத் தேய்த்தார்.

ஊருக்குச் சொல்ல மன அமைதி. உள்ளே இருந்த காரணத்தின் பெயர் கஜன்.

கஜன் ஞானாம்பிகையின் தம்பி. நிபோங் திபாலில் இருந்து வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு வருவான். தேர் பார்க்கத்தான் வருகிறான் என்று பேர். பார்ப்பது டிவியில் பந்தாட்டம். சோபாவில் விழுந்தால் எழுந்திருக்க மாட்டான். ரிமோட்டைத் தொப்பை மேல் வைத்துக்கொண்டு குறட்டை விடுவான். நைசாக எடுத்தால் மட்டும் முழித்துக்கொள்வான். பூசத்தன்று சைவம், மறுநாள் காலையிலேயே மீன் தலைக் கறி. அந்த நாலு நாளும் ஏரம்பமூர்த்தி சொந்த வீட்டில் சாப்பாட்டு மேசை நாற்காலியில் கிடந்து அல்லாடுவார். வராதே என்று சொல்ல வாய் வராது. சொன்னால் ஞானாம்பிகை சும்மா விடுவாளா?

சோபா இல்லை, டிவி இல்லை, கறி இல்லை என்றால் கஜன் எதற்கு வரப்போகிறான்? இதுதான் திட்டம். கார்த்திகையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார்.

"சோபாவைத் தூக்கிடலாம், ஞானம்."

"தூக்குங்க."

"டிவியையும்."

"சரி."

"கறி, மீன் எதுவும் இனிமே கிடையாது."

"நல்லதுதான். அந்த விருந்தாளி மெத்தையையும் குடுத்துடுங்க. எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?"

இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஞானாம்பிகை எதற்காவது இப்படி மறுபேச்சில்லாமல் தலையாட்டியிருக்கிறாளா? அங்கேயே அந்த மனுஷன் உஷாராகியிருக்க வேண்டாமா? எங்கே ஆனார்! குஷியில் விசிலடித்தார்.

பக்கத்து வீட்டு சிக்கந்தர், நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர், ஆள் கூட்டி வந்து பாராங் சாமானெல்லாம் தூக்கிக்கொண்டு போனார்.

"மூர்த்தி அண்ணே, டிவியுமா? நெசமாத்தான் சொல்றீங்களா?"

"பற்று அறுத்தாச்சு தம்பி."

"அப்ப ரிமோட்டையும் குடுங்க லா. கையில வச்சுக்கிட்டே நிக்கிறீங்க."

ஹால் காலியானது. நடுவில் ஒரு பாய். பாயில் ஏரம்பமூர்த்தி. அமைதிதான் வரவில்லை. உட்கார்ந்தால் முட்டி வலித்தது. நின்றால் சாய்ந்துகொள்ள இடமில்லை. வெறும் சுவரில் சத்தம் பட்டுத் தெறிக்க, தெருவில் போகிற மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றும் வீட்டுக்குள்ளேயே ஓடியது. பல்லி கத்தினாலும் எதிரொலி. பக்கத்து வீட்டில் சிக்கந்தர் "கோல்!" என்று கூவினால் இங்கே இவர் யார் அடித்தது என்று தெரியாமல் துடித்தார். பூச்சாடியை வலது பக்கம் வைத்தார். இடது பக்கம் வைத்தார். அப்புறம் அதையும் தூக்கி வெளியே வைத்தார்.

"அமைதி வந்துருச்சாங்க?"

"வரும். வந்துக்கிட்டே இருக்கு."

"தீவுக்கு வர்ற பாலத்துல ஜாம் போல."

போகட்டும், கஜன் வரமாட்டான், அது போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அதை உறுதி செய்துகொள்ள அவனுக்கு அவரே போன் போட்டார்.

"தம்பி, சொல்லவே சங்கடமா இருக்கு. சோபா, டிவி, மெத்தை ஒண்ணும் இல்லப்பா. வெறுந்தரையிலதான் படுக்கணும். சுத்த சைவம். சாயங்காலம் வெறும் கஞ்சி. நீ எப்படிப்பா தாங்குவே?"

மறுமுனையில் தழுதழுத்த குரல். "அத்தான்... நெசமாவா?"

பையன் மனம் உடைந்துவிட்டான்! ஏரம்பமூர்த்திக்கு அன்று இடியாப்பம் கூட ரெண்டு இறங்கியது.

பூசத்துக்கு இன்னும் நாளிருக்க, அந்தச் சனிக்கிழமை காலை வாசலில் ஒரு வேன் நின்றது. இறங்கியவனை அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. மஞ்சள் வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம், நெற்றி நிறைய விபூதி. கஜன்! பின்னாலேயே உறுமியும் மேளமுமாக ஒரு கூட்டம் இறங்கியது.

"அத்தான்!" என்று கஜன் நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தான். "காவடி எடுக்கணும்னு எவ்வளவு நாள் வேண்டுதல் தெரியுமா? எங்க வீட்டுல சோபா, டிவி, கோழி வறுவல். ரெண்டாம் நாளே விரதம் முறிஞ்சுடும். எனக்காக வீட்டையே மடமா மாத்திட்டீங்களே! இந்தக் காலத்துல யாரு அத்தான் செய்வா?"

ஏரம்பமூர்த்தி வேனை எட்டிப் பார்த்தார். "எத்... எத்தனை நாளைக்கு தம்பி?"

"ஒரு மண்டலம் அத்தான். பூசம் வரைக்கும் இங்கதான்."

"இவங்க?"

"நம்ம மேளக் குழு. பழக இடம் இல்லாம அலைஞ்சாங்க. ஹால் காலியா இருக்குன்னு அக்கா சொன்னாங்க. தினம் சாயங்காலம் வருவாங்க."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் உறுமியை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். வீடு அதிர்ந்தது. "ஆஹா, என்னா எதிரொலி!" என்று குழுவே பூரித்துப்போனது.

ஏரம்பமூர்த்தி மனைவியை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"நீ சொன்னியா ஞானம்? ஏன் சொன்னே?"

"நீங்கதானே போன் போட்டுக் கூப்பிட்டீங்க? நான் ஹால் எவ்வளவு பெருசுன்னு மட்டும்தான் சொன்னேன்."

"நான் அமைதிக்காக..."

"போதும்ங்க. என் தம்பி வரக்கூடாதுன்னுதானே சோபாவைத் தூக்கினீங்க? சோபா வெளிய போறதைப் பாத்தவுடனே ரோஹானா கேட்டுட்டா, 'அக்கா, கஜன் எப்ப வர்றாரு'ன்னு."

ஏரம்பமூர்த்திக்கு முகம் சுருங்கிப்போயிற்று. சிக்கந்தரின் மனைவிக்கே தெரிந்திருக்கிறது என்றால் தெருவுக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் மனுஷன் விடவில்லை. சட்டையை மாட்டினார்.

"சரி, இருக்கட்டும். மண்டலம் என்ன, மகராஜனா இருக்கட்டும். பூசம் முடியற வரைக்கும் நான் ஈப்போவுல அண்ணன் வீட்டுல போய்த் தங்கிக்கிறேன். அங்க சோபா இருக்கு."

ஞானாம்பிகை நிதானமாகக் கொடியிலிருந்து ஒரு வேட்டியை உருவினாள். புது வேட்டி. மஞ்சள் ஈரம் இன்னும் காயவில்லை.

"உங்களுக்குக் கண் ஆபரேஷன் நடந்தப்ப முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன். விரதம்னு சொன்னா ஓடிப்போயிடுவீங்கன்னுதான் வாயே திறக்கல. இப்ப வீடு தயாரா இருக்கு."

"என்னது?"

"விரதக்காரங்க சோபாவுல சாயக்கூடாதுங்க. கட்டிக்கிட்டு வாங்க, உங்க காவடிக்குத் தோள் அளவு எடுக்க ஆளு வெளியில காத்துக்கிட்டிருக்காரு."