புத்தம் புது ஆறாவது கியர்

கொல்லிமலையில் இதுவரை ஏறிய வண்டிகளிலேயே அதிவேகமான வண்டியை வைத்திருந்தவர், ஊரே ஆறாங்கியர் என்று கூப்பிடுகிற மனிதர்தான். அந்த வண்டி முந்திச் சென்ற ஒரே ஜீவன், வாழவந்தி நாட்டு ரோட்டில் படுத்திருந்த ஓர் எருமை. அதுவும் எழுந்து நடந்திருந்தால் முடிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆறாங்கியர் மிளகு விவசாயி. ஒரு வருஷம் மிளகுக்கு நல்ல விலை கிடைத்தது. மற்றவர்களாக இருந்தால் வீட்டுக்கு மேல் இன்னொரு மாடி எழுப்பியிருப்பார்கள். இவர் கோயம்புத்தூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்கிற இடத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் மலைமேல் செம்மேட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் என்ன வேலை என்று கேட்டேன்.

"நீ எதைப் பாத்தாலும் பயப்படறவன் கண்ணு. குறை ஏதாச்சும் இருந்தா உன்ற கண்ணுலதான் மொதல்ல படும்."

வண்டி சிவப்பு நிறம். என் இடுப்பு உயரம்கூட இல்லை. விற்பவர் டை கட்டியிருந்தார்.

"மூணு ஓனர் சார். மூணு பேருமே டாக்டருங்க."

"மூணு டாக்டர் பாத்துட்டுக் கைவிட்டதுங்களா?" என்றேன். அவர் என் பக்கம் திரும்புவதை அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"பூஜ்யத்துலருந்து நூறு, நாலே செகண்ட் சார்!"

ஆறாங்கியர் யோசித்தார். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் வாழ்க்கையைக் கழித்தவர் கேட்கக்கூடிய ஒரே கேள்வியைக் கேட்டார்.

"நூறுலருந்து பூஜ்யத்துக்கு எத்தனை செகண்டுங்க?"

அதை இதுவரை யாருமே கேட்டதில்லையாம். கம்பெனியில் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். நான் ஸ்டெப்னி எங்கே என்று தேடினேன். அப்படியொன்று கிடையாதாம், பஞ்சர் ஆனால் அடிக்க ஒரு டப்பா நுரை தருவார்களாம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஆறாங்கியர் சாவியை வாங்கிவிட்டார்.

மலை ஏறிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டியின் அடிவயிறு ரோட்டில் தட்டுகிற இடத்திலெல்லாம், பாரம் குறையட்டும் என்று நான் இறங்கி நடக்க வேண்டும். இறங்கி ஏறி, இறங்கி ஏறி, கடைசியில் வண்டிக்கு முன்பே நான் செம்மேடு வந்து டீ சொல்லிவிட்டேன்.

பார்க்கிறவர்களிடமெல்லாம், "மொத்தம் ஆறு கியருங்க" என்பார். மலையில் ரெண்டுக்கு மேல் போடவே வழியில்லை. பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

ரோடுகூட அவ்வளவு பெரிய இடைஞ்சல் இல்லை, அவருடைய மரியாதைதான் இடைஞ்சல். எங்கள் மலையில் வண்டி வைத்திருப்பவர், கை காட்டுகிறவரை விட்டுவிட்டுப் போகக்கூடாது. பஸ் எப்போது வரும் என்பது பஸ்ஸுக்கே தெரியாத ஊர் இது. ஜீப்காரர் நிறுத்தி, பத்துப் பேரை அடுக்கிக்கொண்டு போய்விடுவார். இவருக்கோ பக்கத்தில் ஒரே ஒரு சீட். ஆனாலும் ஒவ்வொரு கைக்கும் நிறுத்துவார். நிறுத்தி, இறங்கி, இடமில்லை என்பதை விளக்கி, மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் நகருவார்.

மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு நின்ற அம்மா ஒருத்தி விடவில்லை.

"ஏனுங்க சாமி, இத்தனை பெரிய வண்டில ஒரே சீட்டா? மிச்சத்தையெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

"பின்னால எஞ்சினுங்கம்மா."

"அதைத் தூக்கி முன்னால வச்சா நாலு பேரு உக்காரலாமுங்களே!"

ஆறாங்கியர் மூட்டையை மட்டும் வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டார். அந்த அம்மா பின்னாலேயே நடந்து வந்தார். வண்டியிடம் பெரிய வித்தியாசத்தில் ஒன்றும் தோற்கவில்லை.

இப்படி இரண்டு வருஷம் போனது. வீட்டில் அவர் சம்சாரம், "வண்டியா நானா?" என்று கேட்டுவிட்டார். சேலத்திலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வண்டியை விலைக்கு எடுக்க வருவதாகப் பேச்சு முடிந்தது. சனிக்கிழமை காலையில் ஆறாங்கியர் என் கடை முன்னால் வந்து நின்றார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

"ஏறு கண்ணு. மலையடிவாரத்துல காரவள்ளிக்குக் கீழ நேர் ரோடு இருக்குது. ஒரே ஒருவாட்டி ஆறைப் போட்டுப் பாத்துரோணும். இன்னைக்கு எவன் கையைக் காட்டுனாலும் நிறுத்தப் போறதில்ல."

"சரிங்கண்ணா" என்று குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு ஏறினேன்.

உண்மையாகவே நிறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு கையைத் தாண்டும்போதும், "ஐயோ, அது தபால்காரரு... அது நம்ம ராசு... அவனுக்குக் காலு வேற சரியில்ல..." என்று முனகிக்கொண்டே வந்தார். எழுபது வளைவும் இறங்குவதற்குள் முகம் ஒரு சுற்று இளைத்துவிட்டது.

காரவள்ளி தாண்டியது. ரோடு நேராக நீண்டது. மூன்று போட்டார். நான்கு. வண்டி முதல்முறையாகத் தன் சொந்தக் குரலில் பேசியது. ஐந்து. முள் நூறைத் தொட்டது. கை ஆறாவது கியருக்குப் போனது.

தூரத்தில், புளியமரத்தடியில், கோழிக்கூடையோடு ஒரு வயசான அம்மா. அந்த அம்மாவின் கை மேலே போனது.

வண்டி நின்றது. அந்த அம்மாவுக்கு நாலு அடி முன்னால்.

ஆறாங்கியர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா கண்ணு? நூறுலருந்து பூஜ்யத்துக்கு மூணே செகண்டு!"

அந்த அம்மா குனிந்து, "பஸ்ஸு போயிருச்சுங்க சாமி. செம்மேட்டுக்குப் போவோணும்" என்றார்.

"அண்ணா, ஆறைப் போட்டுட்டு வந்து ஏத்திக்கலாமுங்க. இன்னும் ரோடு கெடக்குது. நாளைக்கு வண்டி இருக்காது" என்றேன்.

"அதுவரைக்கும் அவங்க இங்கயே நிக்கோணுமே கண்ணு."

நான் இறங்கினேன். கோழிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா ஏறினார். வண்டி திரும்பி மலையைப் பார்த்துப் போனது, இரண்டாவது கியரில்.

நான் அடுத்த பஸ்ஸில் ஏறி அவர்களுக்கு முன்பே செம்மேடு போய்ச் சேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்காரரிடம் சாவியைக் கொடுக்கும்போது ஆறாங்கியர் நேர்மையாகச் சொன்னார்: "மத்த கியரெல்லாம் பழசுங்க. ஆறாவது மட்டும் புத்தம் புதுசு. நான் தொடவே இல்லீங்க."

இப்போது ஒரு பழைய ஜீப் வைத்திருக்கிறார். எத்தனை பேர் ஏறுவார்கள் என்று அவரும் எண்ணுவதில்லை, நானும் கேட்பதில்லை. கேட்டால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

அந்தச் சிவப்பு வண்டியில் இரண்டு வருஷமும் பயந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தேன், அந்த மூன்று செகண்டைத் தவிர. அந்த அம்மாவின் கை மேலே போன உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, அண்ணன் நிறுத்திவிடுவார் என்று.