பூஜா அட்வான்ஸும் ரீஃபண்ட் மாமாவும்

எழுபதுகளில் கல்கத்தாவில் வேலை பார்த்த தமிழர்களில் பாதிப் பேருடைய இன்கம்டாக்ஸ் ரிட்டன் ஒரு குளியலறையில்தான் தயாரானது. மீதிப் பேருக்கு ரீஃபண்டே வரவில்லை.

லேக் மார்க்கெட் பக்கம் எங்கள் மெஸ். மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் குடியிருந்தவர் ரீஃபண்ட் மாமா. சொந்தப் பெயர் மெஸ் முதலாளிக்கே தெரியாது. பகலில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதுவார். காலையில் சொம்போடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாரென்றால் நாங்கள் வெளியே வரிசையில் நிற்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே சம்பளம் எவ்வளவு, பிடித்த வரி எவ்வளவு, இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்று கேட்பார். பதில்களை மண்டையிலேயே வைத்துக்கொண்டு, துண்டோடு வெளியே வந்து மளமளவென்று ரிட்டன் ஃபாரத்தை நிரப்பிவிடுவார். ஒரே நிபந்தனை, எதையும் ஒரு தடவைதான் கேட்பார். காதில் விழவில்லையா, அடுத்த வருஷம் வா.

துர்கா பூஜைக்கு முன்னால் சர்க்கார் உத்தியோகத்திலிருந்த எங்களுக்கு அரசாங்கம் வட்டியில்லாமல் அட்வான்ஸ் கொடுக்கும். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். அதைத் தொட்டால் ரீஃபண்ட் குறைந்துவிடுமோ என்று மெஸ்ஸில் எல்லோருக்கும் சந்தேகம். மாமாதான் தீர்ப்புச் சொல்வார்.

"போனஸ் வருமானம்டா, அது ரீஃபண்டைக் கடிக்கும். அட்வான்ஸ் கடன். கடனுக்கு ஏதுடா வரி?"

இப்படிச் சொன்ன மனிதரும் நானும் சேர்ந்துதான் அந்தக் கூத்தை அடித்தோம். என் மனைவி முதல் பிரசவத்துக்குக் கும்பகோணத்தில் தாய்வீட்டில் இருந்தாள். ரீஃபண்ட் வந்தால்தான் எனக்கு ரயில் டிக்கெட். என் முறை வந்தபோது உள்ளேயிருந்து, அட்வான்ஸ் டாக்ஸ் எவ்வளவு கட்டினே என்று மாமா கேட்டிருக்கிறார். சரியாக அப்போது ஒரு சொம்புத் தண்ணீர் விழுந்தது. எனக்குக் கேட்டது அட்வான்ஸ் மட்டும்தான். போன பூஜைக்கு வாங்கியதை நினைத்து நானூறு என்று கத்தினேன்.

சம்பளக்காரன் தனியாக எதற்கு வரி கட்டினான் என்று மாமா யோசித்திருக்கலாம். யோசித்தால் இரண்டாம் தடவை கேட்க வேண்டி வருமே. நானும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். மாமா எழுதியதைப் படித்துப் பார்ப்பது மெஸ்ஸில் மரியாதைக் குறைவு.

ஆவணியில், பெண் பிறந்திருக்கிறாள் என்று தந்தி வந்தது. மறுநாள் ரீஃபண்டுக்குப் பதிலாக நோட்டீஸ் வந்தது. நானூறு ரூபாய் வரி கட்டிய ரசீது எங்கே என்று கேட்டிருந்தார்கள்.

மாமாவின் முகம் சுண்டிவிட்டது. கடைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு இன்கம்டாக்ஸ் ஆபீசுக்கு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், தப்பு என்னோடது என்று அவரே சொல்லிவிட்டார். அங்கிருந்த வங்காளி குமாஸ்தா விழுந்து விழுந்து சிரித்தார். இது நீங்கள் சர்க்காருக்குக் கொடுத்ததில்லை மொஷாய், சர்க்கார் உங்களுக்குக் கொடுத்தது என்றார். திருத்தி எழுதி வாங்கிக்கொண்டு, நியாயமாக வரவேண்டியது பூஜைக்கு அப்புறம் வரும் என்று அனுப்பிவிட்டார்.

டிராமில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அதற்குள் என் பெண் நடக்கவே ஆரம்பித்துவிடுவாள் என்று பொருமினேன். உங்கள் ரீஃபண்டாவது ஒழுங்காக வந்ததா என்றும் கேட்டுவிட்டேன்.

"எனக்கு ஏதுடா ரீஃபண்ட்? வரி கட்டற அளவுக்கு எவன் எனக்குச் சம்பளம் தரான்?"

இத்தனை பேருக்கு ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்தவர், ஒரு பைசா வரி கட்டியதில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலமே கடை முதலாளியிடம் தன் பூஜை போனஸை முன்கூட்டியே கேட்டு வாங்கிவந்து என் கையில் திணித்தார்.

"வெச்சுக்கோ. எனக்குத்தான் இது வருமானம். உனக்கு அட்வான்ஸ். உன் ரீஃபண்டை ஒண்ணும் பண்ணாது."

ஊருக்குப் போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தேன். பூஜைக்குச் சர்க்கார் அட்வான்ஸ் கொடுத்த மறுநாள் காலை மாமாவிடம் பணத்தை நீட்டினேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு, குழந்தை யார் ஜாடை என்று கேட்டார். அவள் அம்மா ஜாடை என்றேன். சரி என்று சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். இரண்டு சொம்பு தண்ணீர் விழுந்து, சத்தம் நின்றது.

"யார் ஜாடைன்னு சொன்னே?"

அந்த மனிதர் எதையும் இரண்டாம் தடவை கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். கதவுக்கு வெளியே நின்று மறுபடியும் சொன்னேன். இன்னொரு தடவை கேட்க மாட்டாரா என்று இருந்தது.