வாசலுக்கு வெளியே மூன்று ஞாயிறு

சிமிர்னாவில் கம்பளி வியாபாரம் செய்யும் அன்புள்ள அத்தான் அரிஸ்தியோன் அவர்களுக்கு, கொரிந்துவிலிருந்து மைத்துனன் அப்பக்கடை சோசிமு வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம். அக்காவும் பிள்ளைகளும் கர்த்தருடைய சமாதானத்தில் இருக்கப் பிரார்த்திக்கிறேன். அந்தச் சமாதானத்தில் மிச்சமிருந்தால் இந்தப் பக்கமும் கொஞ்சம் அனுப்பிவையுங்கள்.

என்னைச் சபையை விட்டே தள்ளிவிட்டதாக யாரோ அக்கா காதில் போட்டிருக்கிறார்களாம். தள்ளவில்லை அத்தான், வாசலில் நிறுத்தினார்கள், அவ்வளவுதான். ஜெபம் முடிந்து ஒருவருக்கொருவர் சமாதான முத்தம் கொடுக்கிற நேரம், பக்கத்தில் கல்லியாஸ், துறைமுகத்தில் மீனை உப்பில் ஊறப்போட்டுச் சாறு வடிக்கிறானே அவன்தான், கன்னத்தை நீட்டினான். என் கை என்னைக் கேட்காமலே மூக்கைப் பொத்திவிட்டது. "பாத்தீங்களாய்யா, சபை நடுவுல என்னை நாறுறான்னு சொல்றான்!" என்று அவன் கத்த, "நான் எங்கடா சொன்னேன், ஊரே சொல்லுது!" என்று நான் கத்த, மூப்பர், "மனஸ்தாபத்தோட கர்த்தருடைய அப்பம் பிட்கிற இந்த மேசைக்கு வரக்கூடாது. ஒப்புரவாகிற வரைக்கும் ரெண்டு பேரும் வெளியில நில்லுங்க" என்று சொல்லிவிட்டார். ஞானஸ்நானம் வாங்கிப் பதினோரு வருஷமான நான், இன்னும் முழுக்கு வாங்காத புதுசுகளோடு வெளியே! உள்ளே பிட்கிற அப்பமோ நான் சுட்டது. அதன் வாசனை கதவிடுக்கில் வரலாமாம், நான் போகக்கூடாதாம். அழுகையே வந்துவிட்டது அத்தான்.

இரண்டு ஞாயிறு முறைத்துக்கொண்டே நின்றோம். மூன்றாம் ஞாயிறு அவன் மோந்து பார்த்து, "இன்னைக்கு அடி கொஞ்சம் தீஞ்சிருக்கே" என்றான். "உன் மூக்குக்கு அதுகூடத் தெரியுதா?" என்றேன். "உன் அப்பத்தைத் தின்னு மூணு வாரமாச்சு, தெரியாதா?" என்றான். அந்த ஒரு சொல்லில் என் கோபம் போன இடம் தெரியவில்லை. மேலங்கிக்குள் இருந்த அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தேன். அவன் இடுப்புக் குப்பியைத் திறந்து அதில் சாறு ஊற்றினான். பொய் சொல்ல மாட்டேன், நாற்றம் நாற்றம்தான், ஆனால் என்ன ருசி! கைகூடத் துடைக்காமல் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துக்கொண்டோம். அன்றே உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். ஆகையால் அக்காவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். பஸ்கா பண்டிகைக்கு எல்லாரும் வாருங்கள், மேசையில் என் பக்கத்திலேயே இடம் பிடித்து வைக்கிறேன்.

பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

சோசிமு

பின்குறிப்பு: கடிதத்தை மூடுமுன் இன்றைய கூட்டத்துக்குப் போய்வந்தேன். இந்த வாரம் பூராவும் மூன்று வேளையும் எனக்கு அந்தச் சாறுதான். முத்த நேரத்தில் மூப்பரிடம் கன்னத்தை நீட்டினேன். மனுஷர் மூக்கைப் பொத்திவிட்டார். "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானேய்யா?" என்று கல்லியாஸ் விடவில்லை. "எனக்கு வருத்தமே இல்லீங்க" என்று நான் சொல்லியும், "இந்த நாத்தத்துல எனக்கு இருக்குதப்பா" என்றார் மூப்பர், பொய் சொல்லத் தெரியாதவர். இப்போது மூப்பரும் நானும் வெளியே. பஸ்காவுக்கு வரும்போது தடித்த கம்பளியாக இரண்டு கொண்டுவாருங்கள் அத்தான். விடியற்காலை வாசலில் குளிர்கிறது, மூப்பருக்கும் வயசாகிவிட்டது.