காதால் படம் பார்க்கிறவர்

நம் பட்டணத்து ஜீவராசிகளில் காதால் படம் பார்க்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. கண்ணில் அவருக்குக் கோளாறு ஒன்றும் கிடையாது. பனகல் பார்க்கில் உட்கார்ந்தபடியே எதிர்ச்சாரிக் கடையில் கத்தரிக்காய் வாடியிருப்பதைக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் சுவரில் ஒரு சித்திரத்தை மாட்டி அவரை எதிரே நிறுத்திப் பாருங்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார், ஓரடி பின்வாங்குவார், தலையை இடது பக்கம் சாய்ப்பார், போதாதென்று வலது பக்கமும் சாய்ப்பார், தொண்டையைச் செருமுவார், பக்கத்தில் நிற்பவரின் முகத்தை ஓரக்கண்ணால் ஆராய்வார். படத்தை மட்டும் பார்க்க மாட்டார். யாராவது வந்து அது இன்னது என்று சொல்ல வேண்டும். சொன்னார்களோ இல்லையோ, முகம் பூவாய் மலர்ந்துவிடும்.

"அதானே பார்த்தேன்!" என்பார்.

என்னத்தைப் பார்த்தார்?

கச்சேரியில் உங்களுக்குப் பின் வரிசையில் இருந்துகொண்டு "என்ன ராகம்?" என்று உங்கள் தோளைச் சுரண்டுகிறவர் இவர்தான். நீங்கள் வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லுங்கள். "அதானே பார்த்தேன்!" கல்யாணப் பந்தியில் சாம்பாரை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எதிர் இலைக்காரர் "உப்புக் கரிக்கிறது" என்றதும் முகத்தைச் சுளிப்பவரும் இவரே. சொந்த நாக்குக்கே அந்தக் கதி என்றால் சித்திரம் எம்மாத்திரம்?

இந்த இனத்தின் தலைசிறந்த பிரஜை என்று மாம்பலம் இசக்கிமுத்து அண்ணாச்சியைச் சொல்லலாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக் கடை வைத்துப் பெரிய ஆளானவர். துணியை விரலால் பார்ப்பார். ஒரு தடவு தடவினால் போதும், நூல் இன்ன நம்பர், சாயம் எத்தனை துவைப்புக்குத் தாங்கும் என்பதெல்லாம் வந்துவிடும். அதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. அப்படிப்பட்டவரை லஸ் பக்கத்து அன்பர்கள் சிலர் தங்கள் சித்திரசாலைக்குத் தலைவராக்கிவிட்டார்கள். படத்தை விரலால் தடவக் கூடாது என்று அங்கே ஒரு விதி இருந்தது. அண்ணாச்சி தவித்துப் போனார்.

தவித்தவருக்கு யாரோ சொன்னார்கள்: சீமையிலே இதற்கெல்லாம் யந்திரம் வந்துவிட்டதாம், படத்துக்குப் பக்கத்தில் யந்திரமே நின்று விளக்கம் சொல்லுமாம்.

"அப்படிப் போடுங்க!" என்றார் அண்ணாச்சி.

கப்பல் ஏறிப் போகிற ஒரு துரை, அடையாற்றுப் பங்களாவில் சாமான்களை ஏலம் விட்டார். அதில் ரப்பர் சக்கரம் வைத்த தேநீர் மேஜை ஒன்று கிடைத்தது. அதன் தலையில் குழாய் வைத்த கிராமபோன் ஏறியது. ஒன்பது படங்களுக்கு ஒன்பது ரெக்கார்டு. ஒவ்வொரு சித்திரக்காரரிடமும் இரண்டு வரி எழுதி வாங்கி, நாடக மேடையில் இரணியனாக உறுமுகிற நடிகர் வெள்ளைத்துரையின் குரலில் பதித்தாகிவிட்டது. படங்களுக்கு நம்பர் ஒட்டலாமா என்று கேட்டதற்கு, "எதுக்கு? ஏலக் கடைன்னு நெனச்சிக்கிடவா?" என்றார் அண்ணாச்சி. பெயராவது எழுதி வைக்கலாமா? "எழுதி வெச்சா எவன் ரெக்கார்டைக் கேப்பான்?"

யந்திரத்தைத் தள்ளவும் சாவி முறுக்கவும் சாந்தோம் வால்டர் நியமனமானார். கிராமபோன் ரிப்பேரில் கைதேர்ந்தவர். சனிக்கிழமை மாலையே வந்து, மாட்டியிருந்த படங்களைச் சுற்றிப் பார்த்து, ரெக்கார்டுகளை வரிசையாக அடுக்கிச் சாக்கட்டியால் நம்பர் போட்டுவிட்டுப் போனார்.

வாசலில் நுழைந்ததும் இடது கைப் பக்கம் முதல் படம் 'அன்னை மடி'. ஆளுயரம், தங்க நிறச் சட்டம். அப்படியே ஹாலைச் சுற்றி வந்தால் வலது கைப் பக்கம் கடைசியாக, வாசற்கதவு திறந்தால் பாதி மறைந்து போகிற இடத்தில், மர்சலினுடைய படம். மழை நின்ற மந்தைவெளி. மாட்டை அவிழ்த்துவிட்ட ஒற்றை வண்டி. முன்னால் தேங்கிய தண்ணீர். தண்ணீரில் ஒரு துண்டு வானம். அவ்வளவுதான்.

மர்சலின் வால்டருக்கு அக்கா மகள். அவளுக்குச் சித்திரப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும். அப்பா பவுல்சாமி பாதிரிமார் பள்ளிக்கூடத்து வாத்தியார். மகளும் தம்மைப் போல் வாத்தியாராகட்டும் என்று நினைத்தவர். "மாட்டேன்" என்று சொல்லவில்லை. "நீ போட்ட படத்துக்கு முன்னால ஜனம் நிக்குதான்னு நான் பாக்கணும். நின்னா சேந்துக்கோ" என்றார். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சித்திரசாலைக்கு வந்தவர்களில் வேண்டிக்கொண்டே வந்தவள் மர்சலின் ஒருத்திதான்.

காலைப் பூசை முடிந்து அப்பாவும் மகளும் வந்து சேர்ந்தபோது மணி பத்து. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து நேராக அவள் படத்தின்மேல் விழ, தீட்டிய தண்ணீர் நிஜத் தண்ணீராகவே மின்னியது. நல்ல சகுனம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கூட்டம் வந்திருந்தது. ரேஷன் வந்த பிறகு நம்மவர்களுக்கு வரிசை என்றால் காரணம் கேட்காமல் நிற்கப் பழகிவிட்டது. அண்ணாச்சி சரிகை அங்கவஸ்திரத்தோடு முன்னால் நின்று கையைத் தூக்கினார்.

"எல்லாரும் இடது கைப் பக்கமா, பிரதட்சணமா வாங்க! மங்கள காரியம்!"

கிராமபோன் மேஜை கிரீச்சிட்டுப் புறப்பட்டது. உற்சவர் புறப்பாடு போலப் பின்னால் ஜனம். கன்னத்தில் போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி. 'அன்னை மடி'யின் முன் மேஜை நின்றது. வால்டர் ஒன்றாம் நம்பரைச் சுழலவிட்டார்.

"மழை நின்ற மந்தைவெளி!" என்று உறுமியது குழாய். "அவிழ்த்துவிட்ட வண்டியை நோக்குக! தேங்கிய நீரை நோக்குக! அந்நீரினுள் வானத்தை நோக்குக!"

மர்சலினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நழுவி மேஜையண்டை போனாள்.

"மாமா! அது என் படத்து ரெக்கார்டு!"

வால்டர் விழித்தார். "இன்னா மர்சி சொல்றே? நம்ம கோயில்ல செவுத்துல சிலுவைப்பாதைப் படங்க எந்தப் பக்கம் ஆரம்பிக்குது? வாசல்லேர்ந்து வலது கைப் பக்கம்தானே? அத்தப் பாத்துத்தான் அடுக்கினேன். இந்தாளு இப்டிச் சுத்துவாருன்னு எனக்கு இன்னா தெரியும்?"

ஆக, படங்கள் ஒரு சுற்றிலும் ரெக்கார்டுகள் எதிர்ச் சுற்றிலுமாகக் கிளம்பிவிட்டன. இனிமேல் சிரிப்புதான், கூச்சல்தான் என்று மர்சலின் கண்ணை மூடிக்கொண்டாள்.

கூட்டம் தலையை இடமும் வலமுமாகச் சாய்த்தது. படத்தில் தாய், மடியில் குழந்தை. மழையும் இல்லை, வண்டியும் இல்லை. முதலில் வாயைத் திறந்தவர் கபாலி கோயில் தெற்கு மாடவீதி பங்கஜம் மாமி.

"மழைன்னா என்ன, கண்ணீர்தானே? பிள்ளை பெத்தவ கண்ணுல எப்பவும் தேங்கிண்டுதானே இருக்கும்!"

"அந்த வண்டி, மாமி?" என்றது ஒரு குரல்.

"அவிழ்த்துவிட்ட வண்டின்னா, ஆம்படையான் ஆத்துல தங்கறதில்லைன்னு அர்த்தம். இதுகூடவா தெரியலை?"

"அதானே பார்த்தேன்!" என்றார் அண்ணாச்சி. "அதானே!" என்று ஹால் முழுவதும் தலைகள் ஆடின.

மர்சலின் துணிந்து அண்ணாச்சியிடமே போனாள். "அண்ணாச்சி, ரெக்கார்டெல்லாம் மாறிப் போச்சு. இப்ப ஓடினது என் படத்துக்கானது. கடைசியில இருக்குதே, அது."

"நீ எதும்மா போட்டது? அந்த வண்டியா?" அண்ணாச்சி கனிவோடு சிரித்தார். "படம் போட்டவளுக்குப் படத்தைப் பத்தி என்னம்மா தெரியும்? பேசாம ரெக்கார்டைக் கேளு. எல்லாம் வெளங்கும்."

மேஜை நகர்ந்தது. அடுத்து, வைரக் கடுக்கனும் வளைந்த மீசையுமாக ஒரு ஜமீன்தார். "முற்றிய பூசணிக்காய்!" என்றது குழாய். "அருகே உரித்த வெங்காயம்!" ஜமீன் ஒழிப்பு மசோதா வந்திருக்கிற சமயத்தில் எவ்வளவு துணிச்சல் என்று ஒரு வக்கீல் குமாஸ்தா சிலிர்த்தே போனார்.

நடுவிலிருந்த ஐந்தாவது படத்தில்தான் சங்கடம் வந்தது. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஐந்தாவது ஐந்தாவதுதானே? படத்தில் ஒரு காளை. குழாயும் "காளை!" என்றது. கூட்டத்தின் முகம் தொங்கிவிட்டது.

"காளைன்னு எங்களுக்குத் தெரியாதோ?" என்றார் மாமி. "உள்ளர்த்தம் எங்கே?"

"இதுல சரக்கு இல்லை" என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். "வெள்ளைத்துரை இந்த எடத்துல கோட்டை விட்டுட்டான். தள்ளுப்பா!"

எட்டாவதாகப் பூசணிக்காய் வந்தது. ஜமீன் வம்சத்தின் வீர வரலாறு முழுவதையும் அதன் எதிரே நின்று கேட்டார்கள். வக்கீல் குமாஸ்தா மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

கடைசியாக மர்சலினுடைய படம். வால்டர் அவளைப் பாவமாகப் பார்த்துவிட்டு ஒன்பதாம் நம்பரைப் போட்டார்.

"அன்னையின் மடியைக் காண்க! பிஞ்சு விரல்களைக் காண்க! ஈரேழு உலகையும் ஈன்ற கருணையைக் காண்க!"

கண்டார்கள். வண்டியின் இரண்டு ஏர்க்கால்களும் இரண்டு கைகளாக நீண்டு எதையோ ஏந்தப் போவதை அண்ணாச்சி கண்டார். தேங்கிய தண்ணீரில் ஒரு மழலை முகத்தை வேறொருவர் கண்டார். மூக்கு எங்கே என்றுகூடக் காட்டினார். பங்கஜம் மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவி வண்டி! எங்கம்மாவையே கொண்டுவந்து நிறுத்திடுத்து!" என்றார். ஜனம் நின்றது. நகர மாட்டேன் என்று நின்றது. "இன்னொருக்கா போடுப்பா!" என்றது.

மர்சலின் அப்பாவைப் பார்த்தாள். எல்லோருக்கும் மேலாக ஆடிக்கொண்டிருந்தது பவுல்சாமியின் தலை.

அவளுக்கு அழுகை வந்துவிடும் போல் இருந்தது. ஜனம் நின்றாகிவிட்டது, பந்தயப்படி ஜெயித்தாகிவிட்டது. ஆனால் அவள் வரைந்த வண்டியை ஒருவராவது பார்த்தார்களா? சொன்னால் சித்திரப் பள்ளி இடம் போய்விடும். சொல்லாவிட்டால் பொய்யின் பேரில் போய்ச் சேர வேண்டும். வெளியே வந்து மந்தைவெளி நோக்கி நடக்கையில், தெருமுனை திரும்புவதற்குள் சொல்லிவிட்டாள்.

"அப்பா, கடைசியா ஓடின ரெக்கார்டு என் படத்துக்கானது இல்லே. மாமா மாத்தி அடுக்கிட்டார். அதுல தாயும் இல்லே, பிள்ளையும் இல்லே."

"தெரியும்" என்றார் பவுல்சாமி.

"தெரியுமா?"

"அது நம்ம வண்டிப்பேட்டைத் தண்ணி. போன ஐப்பசியில என் இடது கால் செருப்பு அதுலதான் போச்சு. படத்துல எங்கனா ஓரத்துல தெரியுதான்னு நல்லாக் குனிஞ்சு பாத்தேன். தெரியலே."

மர்சலின் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "அப்ப எதுக்கு அந்த ஆட்டு ஆட்டினீங்க?"

"ஏம்மா, இத்தினி வருஷமா வாத்தியாரா இருக்கேன். நான் சொன்னதுக்கு ஒரு கிளாஸாவது இப்டி ஒத்துமையாத் தலையாட்டியிருக்குதா? அத்தனை பேரும் உன் படத்துக்கு ஆட்டும்போது பெத்தவன் நான் சும்மா நின்னா நல்லாவா இருக்கும்?" மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடந்தார். "நாளைக்குப் போய்ச் சேந்துடு. அடுத்த தரம் போடும்போது அந்தச் செருப்பையும் போட்டுடு."

நீங்கள் சிரிக்கிறீர்கள். அண்ணாச்சியும் மாமியும் வக்கீல் குமாஸ்தாவும் நல்ல ஆட்கள்தான், ஆனாலும் இப்படியா என்று நினைக்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் ஒரே ஒரு சின்ன விஷயம். காலை மணி பத்து என்றும், மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து படத்தின்மேல் விழுந்தது என்றும் மேலே எழுதியிருந்ததல்லவா? எந்த ஊரில் ஐயா காலை வெயில் மேற்கே இருந்து வருகிறது? தண்ணீர் மின்னியதைக்கூடத் தலையாட்டி ரசித்துவிட்டுத்தானே இவ்வளவு தூரம் வந்தீர்கள்?

என்ன, "அதானே பார்த்தேன்!" என்கிறீர்களா?