விரிப்பின் நான்கு முனைகள்

அன்பும் பொறுமையும் நிறைந்த அண்ணிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே அனைவரும் சுகம் என்று நீங்களாக இருந்தால் எழுதுவீர்கள். அனைவரும் சுகம் என்பதை நான் சரிபார்த்துவிட்டேன். முற்பகுதியை உங்கள் பொறுப்பில் விடுகிறேன். உங்கள் மகளும், புதிதாக வந்திருக்கும் சின்ன மனிதரும் நலம் என்று அண்ணன் சொன்னார். மகிழ்ச்சி. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். உங்கள் ஞாயிறு பள்ளி வகுப்பை இனி என்னால் நடத்த முடியாது. அடுத்த ஞாயிற்றுக்குள் நீங்கள் வந்துவிட வேண்டும்.

நீங்கள் குறித்துக் கொடுத்தபடி இந்த வாரப் பாடம் நட்பு. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவளுக்கு ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் ஒரு பொருட்டா என்ற நினைப்பில் போய் நின்றேன். "உங்க நண்பர் யாரு, ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றேன். முதல் பிள்ளை "இயேசு" என்றது. அடுத்ததும் அதையே சொன்னது. வரிசை முழுக்க அதே பதில். என் துறையில் இப்படி வந்தால் கேள்வியைத்தான் சந்தேகிப்போம். "சரி, இயேசுவைத் தவிர?" என்றேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மைக் என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பையன், பட்டப்பெயருக்கு ஏற்ற குரலில், "அவரை எதுக்கு டீச்சர் தவிர்க்கணும்? அவர் என்ன பண்ணாரு?" என்று கேட்டான். நான் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.

பிறகு கதைக்குப் போனேன். நடக்க முடியாத ஒருவனை நாலு நண்பர்கள் படுக்கையோடு தூக்கிவந்ததும், வாசலில் கூட்டம் நெருக்கியதால் கூரையைப் பிரித்து அவனை இயேசுவின் முன்னால் இறக்கியதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூரையை அப்புறம் யார் சரிசெய்தார்கள் என்ற என் பழைய சந்தேகத்தைக்கூட எழுப்பாமல் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. நீங்கள் போன பிறகு சேர்ந்த பெண் அவள். நர்ஸின் மகள். அம்மாவுக்கு அடிக்கடி மாற்றலாகிறது. கண்ணாடி தடிமனாக இருப்பதால் சோடாபுட்டி என்கிறார்கள். நான் கண்டித்தேன், அவளோ "பரவால்ல டீச்சர், போன ஊர்லயும் அதேதான்" என்றாள்.

அவள் கேட்டது இதுதான்: "தூக்குறதுக்கு நாலு பேர் இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?"

பிள்ளைகளுக்குப் பதில் தெரிந்திருந்தது, அண்ணி. ஆம்புலன்ஸ் என்றது ஒன்று. சக்கர நாற்காலி இருந்தால் ஒருத்தர் போதும் என்றது இன்னொன்று. மைக் எழுந்து, "இயேசுவே அவங்க வீட்டுக்கு வந்துடுவாரு" என்றான். அவள் அதை யோசித்துப் பார்த்தாள். "எங்க அட்ரஸ் மாறிக்கிட்டே இருக்குமே" என்றாள், குறையாக இல்லை, ஒரு தகவலாக.

உடனே நடிக்க வைத்தேன். வேறென்ன செய்வது. நாடகத்துக்கு அலமாரியில் வெள்ளைத் துணி இருக்கிறது என்று சொல்லியிருந்தீர்கள். அங்கே இரண்டு வெள்ளைத் துணிகள் இருந்தன. கனம் தாங்குமா என்று இரண்டையும் இழுத்துப் பார்த்துக் கெட்டியானதை எடுத்தேன், படித்த புத்தி. ஓரத்தில் திராட்சைக் கொத்துகளைப் பின்னியிருந்தார்கள். நாடகத்துக்கே இவ்வளவு அழகான துணியா என்று உங்களை மெச்சிக்கொண்டேன். படுக்க யார் வருகிறீர்கள் என்றதும் சோடாபுட்டி வந்து படுத்துக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். மூன்று முனைகளுக்கு ஆள் வந்தது. நாலாவது முனைக்கு வரவேண்டிய பெண் மைக்கோடு 'டூ' விட்டிருந்ததால் அவன் பிடிக்கும் துணியைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள். நட்புப் பாடம் நடக்கிறது, கவனிக்கவும். சோடாபுட்டி படுத்தபடியே காத்திருந்தாள். எழுந்து போகத் தயாராகிற முகம். என் முழங்காலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இருந்தும் நாலாவது முனையை நான் பிடித்தேன்.

மேடைதான் கூரை. மேலேற்றியாகிவிட்டது. இறக்கும்போது முழங்கால் மடங்கியது, நான் உட்கார்ந்தேன், துணி நீளமாகக் கிழிந்தது, அவள் பாதி என் மடியிலும் பாதி தரையிலுமாக வந்து சேர்ந்தாள். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த போதகர் எங்களைப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்தார். "அம்மா, இது ஆராதனையில அப்பமும் ரசமும் வைக்கிற திருவிருந்து மேசை விரிப்பாச்சே" என்றார், மிகவும் மெதுவாக. அந்த நேரம் பார்த்து அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "டீச்சர், இன்னொரு தடவை" என்றாள். போதகர் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, என் விரிப்பை யார் பிடிப்பார்கள் என்று ஒரு கணக்குப் போட்டேன். அண்ணன் வருவார், கூரையைப் பிரிக்க முதலில் வீட்டுக்காரரிடம் எழுத்துமூலம் அனுமதி கேட்பார், அதற்குள் இயேசு அடுத்த ஊருக்குப் போயிருப்பார். கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் இப்போது பிறந்தநாளுக்குப் பூங்கொத்துப் படம் அனுப்புவதோடு சரி. மீதி நீங்கள். ஒரு முனையைப் பிடித்து ஆளைத் தூக்க முடியாது, இழுத்துக்கொண்டுதான் போகலாம். நீங்கள் இழுத்துக்கொண்டாவது போவீர்கள். மாலையில் அடுப்படியில் நின்று நீங்கள் பேச, நான் மறுத்துக்கொண்டிருந்த பேச்செல்லாம் இப்போது எனக்குக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. எதிர்த்துப் பேச ஆளில்லாத வீட்டில் அவநம்பிக்கைகூடச் சலித்துவிடுகிறது. குழந்தையை மாப்பிள்ளையின் அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தயவுசெய்து வந்துவிடுங்கள்.

மகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசி. ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

பின்குறிப்பு: உறை ஒட்டும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. சோடாபுட்டி, மைக், 'டூ' விட்டவள், இன்னும் சிலர். "டீச்சர், உங்க வெயிட் எவ்வளவு?" என்று கேட்டாள் சோடாபுட்டி. எதற்கு என்றேன். "அடுத்த ஞாயித்துக்கெழம நீங்க படுக்கணும். உங்களுக்கு நாலு பேர் பத்தாதுன்னு மைக் சொல்றான். ஆறு பேரைக் கேட்டு வச்சிருக்கோம்." எடையைச் சொல்லிவிட்டேன். நீங்கள் அவசரப்பட்டு வரவேண்டாம். குழந்தை தலை நிற்கும்வரை இருந்துவிட்டு வாருங்கள்.