சின்ன அறைக்கான யுத்தம்

லெஷெக் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். உயிரே போனாலும் சரி, அந்தக் கம்ப்யூட்டர் சின்ன அறையை விட்டு நகராது.

இதை அவன் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து, முகத்தில் சோப்பு நுரையோடு, கம்பீரமாகச் சொன்னான். பெண்டாட்டி போஷெனாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். அதற்குக் கொஞ்சம் ஒத்திகை வேண்டியிருந்தது.

போலந்தில் ராதோம் ஊரில் நான்காவது மாடியில் அவர்கள் வீடு. ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை, திரும்பினால் அடுப்பில் இடுப்பு இடிக்கிற ஒரு சமையலறை. பெரிய அறையில் லெஷெக், போஷெனா, மகள் யாக்னா மூவரும் படுத்தார்கள். சின்ன அறையில் கம்ப்யூட்டர் தனியாக, வசதியாக இருந்தது.

யாக்னாவுக்கு ஏழு வயதாகப் போகிறது. செப்டம்பரில் பள்ளிக்கூடம். அவள் படுப்பது இழுத்தால் கட்டிலாகிற ஒரு சாய்வு நாற்காலியில். போன வருஷமே கால் வெளியே தொங்க ஆரம்பித்துவிட்டது. காலுக்குக் கீழே ஒரு முக்காலி போட்டார்கள். இந்த வருஷம் முக்காலியையும் தாண்டிவிட்டது.

"இப்படியே போனா செப்டம்பர்ல இவ கால் முதல்ல பள்ளிக்கூடம் போயிடும். தலை பின்னாடியே வந்து சேரும்" என்று போஷெனா சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள். அதுதான் லெஷெக்குக்குப் பயம்.

அவனுக்கும் மகள்மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் அவன் ஒருத்தனுடையது இல்லையே. மூன்று நண்பர்கள் பங்கு போட்டு வாங்கியது. லெஷெக் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவன். மிரெக் குழாய் பொருத்துகிறவன். குஸ்தாவ் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். மிரெக் வீட்டில் வைக்கலாம் என்றால் அங்கே மாமியார் இருந்தாள். குஸ்தாவ் வீட்டில் ஒயரைக் கண்டால் கடிக்கிற நாய் இருந்தது. மாமியாரும் நாயும் இல்லாத வீடு லெஷெக் வீடுதான்.

சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் மூவரும் கூடிவிடுவார்கள். கோட்டை, படை, தங்கச் சுரங்கம், நெருப்புக் கக்கும் நாகம் எல்லாம் உள்ள ஆட்டம். ஒருவன் உட்கார்ந்து தன் படையை நகர்த்துவான். முடிந்ததும் எழுந்துவிடுவான். அடுத்தவன் உட்காருவான். நாற்காலி ஆறுவதே கிடையாது. அதனால்தான் போலந்து முழுக்க இதற்குச் 'சூட்டு நாற்காலி' என்று பேர்.

ஒருவன் ஆடும்போது மற்றவன் திரையைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் படை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். முதலில் எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஆனால் மிரெக் அலமாரிக் கண்ணாடியில் தெரிந்த பிம்பத்தைப் பார்த்து லெஷெக்கின் நாகங்களைக் கண்டுபிடித்துவிட்டான். லெஷெக் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாளே ஒரு சட்டம் போட்டான்.

"முறை முடிஞ்சவன் சமையலறைக்கு. கூப்பிடற வரைக்கும் அறைக்குள்ள எட்டிப் பார்க்கக் கூடாது. தீப்பிடிச்சாலும்."

மூவரும் கம்ப்யூட்டர்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். திரையில் வெளிச்சம் படக் கூடாது என்று அவனே கனமான திரைச்சீலையும் தைக்கச் சொல்லி மாட்டினான். அறை விளக்கைப் போடுவதையும் தடை செய்தான். அன்றுமுதல் பட்டப்பகலில்கூட அந்த அறை நிலவறை மாதிரிதான்.

முகம் மழித்து முடித்து லெஷெக் சமையலறைக்கு வந்தான்.

"போஷெனா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. அந்த முட்டைகோஸை நறுக்கிக்கிட்டே சொல்லு."

முட்டைகோஸை நறுக்கிக்கொண்டே கம்பீரமாகப் பேசுவது கஷ்டம். இருந்தாலும் பேசினான். "கம்ப்யூட்டர் அந்த அறையை விட்டு நகராது."

"சரி."

"என்ன சரி?"

"நகர வேண்டாம்னா நகர வேண்டாம். ஆனா சும்மா விட்டுக்கொடுத்தா எனக்கு மரியாதையா? ஆடித் தீர்த்துக்கலாம். ஒரே ஆட்டம். நீ ஜெயிச்சா கம்ப்யூட்டர் அங்கேயே இருக்கும். நான் அதுமேல விரல்கூட வைக்க மாட்டேன். தோத்தா குஸ்தாவ் வீட்டு நாய்க்குக் கொண்டுபோய்க் கொடு."

"யார் யார் ஆடறது?"

"நீங்க மூணு பேர். நாலாவது நான்."

லெஷெக் சிரித்த சிரிப்பில் முட்டைகோஸ் தரையில் விழுந்தது. "நீயா? உனக்கு மவுஸ் பிடிக்கத் தெரியுமா?"

"எலியைப் பிடிச்சவளுக்கு அது என்ன பெரிய வேலை? சட்டம் மட்டும் மாறக் கூடாது. முறை முடிஞ்சவன் சமையலறைக்கு. தீப்பிடிச்சாலும் எட்டிப் பார்க்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

இது அவன் போட்ட சட்டம். அதை அவள் மனப்பாடமாகச் சொன்னதில் அவனுக்குப் பெருமைகூட வந்தது. முட்டைகோஸ்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

முதல் சனிக்கிழமை வந்தது. லெஷெக்தான் முதலில் ஆடினான். அவன் உட்கார்ந்தால் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டான். ஒவ்வொரு வில்லாளியையும் எண்ணுவான். ஒவ்வொரு குதிரைக்கும் கவலைப்படுவான். அதற்குள் மற்றவர்கள் தேநீர் குடித்து, சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி தேநீர் குடித்துவிடுவார்கள்.

எழுந்து சமையலறைக்கு வந்தான். மிரெக் உள்ளே போனான். பொரியல் வாசம் வீடெல்லாம் பரவுகிறது என்று சொல்லிப் போஷெனா சமையலறைக் கதவைச் சாத்தினாள். மேஜைமேல் பியெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு வட்டங்களும் மசித்த உருளைக்கிழங்கும் இருந்தன.

"சும்மா உட்கார்ந்திருக்காதே. பியெரோகி மடி. ஓரத்தை நல்லா அழுத்து, வெந்நீர்ல வாய் பிளந்துடும்."

லெஷெக் மடித்தான். நடைவழியில் கர்ர்ர் என்று ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது.

"என்ன சத்தம்?"

குஸ்தாவ் ஒரு பியெரோகியின் வாயை அழுத்தி மூடினான். "மிரெக் பயந்துட்டான். நாற்காலியை இழுத்து இழுத்து உட்கார்றான்."

லெஷெக் திருப்தியோடு தலையாட்டினான்.

குஸ்தாவ் ஆடி முடித்ததும் போஷெனாவின் முறை வந்தது. ஏப்ரனை அவிழ்த்துக் கணவன் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனாள். போனவள் வரவே இல்லை. உள்ளே டக் டக் டக் என்று சத்தம்.

"யோசிக்கறதுக்கு எதுக்குடா சுத்தியல் சத்தம்?"

"பானி போஷெனாவுக்கு மவுஸ் பழக்கமில்லையே" என்றான் குஸ்தாவ். அவன் மட்டும் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவான். "ஓங்கி அடிக்கறாங்க. பாவம்."

லெஷெக் மறுபடி உள்ளே போனபோது இருட்டில் ஒரு வாசம் அடித்தது. பசை வாசம். திரும்பி ஏதோ கேட்க நினைத்தான். அதற்குள் திரை கண்ணில் பட்டது. அவ்வளவுதான், மூக்கு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. எதிரிகள் மூவரின் படையும் போட்டது போட்டபடி கிடந்தது! ஒருவனும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

'என் பேரைக் கேட்டே உறைஞ்சுட்டானுங்க' என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை அறைக்குள் நுழைந்ததும் முழங்காலுக்குக் கீழே எதிலோ பலமாக இடித்துக்கொண்டான்.

"இங்க யாருடா என்னத்தைப் போட்டது?"

"உன் பழைய பனிச்சறுக்குக் கட்டைதான்" என்று நடைவழியிலிருந்து மிரெக்கின் குரல் வந்தது. "மணி ஆகுது, உட்காரு!"

உட்கார்ந்தான். முழங்கால் தாடையில் வந்து இடித்தது. நாற்காலி தாழ்ந்துபோயிருந்தது.

"போஷெனா! நாற்காலி ஏன் இறங்கிப்போச்சு?"

"போன வாரம் நீ எத்தனை பியெரோகி தின்னேன்னு நினைச்சுப் பாரு. நாற்காலி என்ன பண்ணும்?"

நியாயமான பதிலாகத்தான் பட்டது. வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு மிரெக்கின் கோட்டையைப் பிடித்தான். தோற்ற மிரெக்கிடம் துக்கமே தெரியவில்லை. சமையலறையில் நான்கு பியெரோகியை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கினான். அவன் சட்டைக் கையில் காய்ந்த பசை வெள்ளையாக ஒட்டியிருந்தது. மாவு என்று லெஷெக் நினைத்துக்கொண்டான்.

அன்று அவன் மனம் இளகியிருந்தது. குஸ்தாவ் உள்ளே இருந்த நேரத்தில் போஷெனாவுக்குப் போர்முறை சொல்லிக்கொடுத்தான்.

"நீ சின்னத் தப்பு பண்றே. சொல்றேன், கத்துக்கோ. கோட்டையைக் காலியா விட்டுட்டு ஒருத்தன் வெளியே வந்து உட்காரக் கூடாது. நாம வெளியே இருக்கற நேரம் பார்த்துத்தான் எதிரி உள்ளே பூந்து குடியேறுவான்."

"அப்படியா?" என்றாள் போஷெனா. பியெரோகியின் ஓரத்தை விரலால் மெல்ல மடித்தாள். "வெளியே இருக்கறவனுக்கு அது தெரியாதா?"

"முட்டாளா இருந்தா தெரியாது."

"நல்லவேளை, சொன்னே."

யாக்னா பொம்மையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, உனக்கு முயல் பிடிக்குமா, கரடி பிடிக்குமா?"

லெஷெக்கின் மனசெல்லாம் படைபலத்தில் இருந்தது. "எதுக்குப் பலம் அதிகம்?"

"முயலுக்குக் காது அதிகம்."

"அப்போ தூரத்துச் சத்தமெல்லாம் கேட்கும். முயல்தான்."

"அம்மா, முயல்தானாம்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். போஷெனா ஏனோ கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பையே பார்த்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை குஸ்தாவின் கோட்டையும் விழுந்தது. மிச்சம் போஷெனாவுடையது மட்டும். லெஷெக் நாகங்களை அணிவகுத்தான். குதிரைகளை இருபக்கமும் நிறுத்தினான். எதிரி சாமானியமானவள் இல்லை, ஒவ்வொரு தடவையும் உள்ளே அவ்வளவு நேரம் யோசித்திருக்கிறாள், கோட்டைக்குள் என்ன பொறி வைத்திருக்கிறாளோ என்று அவனுக்கு உள்ளங்கை வியர்த்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தாக்கினான்.

கோட்டைக்குள் வைக்கோல் வாரும் கோலோடு ஒரே ஒரு குடியானவன் நின்றான்.

அந்த ஒருவனை வெல்ல ஏழு நாகங்கள் பாய்ந்தன. திரையில் எக்காளம் முழங்கியது. லெஷெக்குக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. வீரனுக்கே உரிய வருத்தம்.

"மன்னிச்சிடு போஷெனா!" என்று கத்தினான். "போர்னா போர்தான்! எல்லாரும் வாங்க!"

எழுந்தான். நாற்காலியும் கூடவே எழுந்தது. இடுப்பில் சிக்கிக்கொண்டுவிட்டது.

போஷெனா வந்து விளக்கைப் போட்டாள்.

சுவரெல்லாம் முயல். காதை விடைத்துக்கொண்டு, கேரட்டைக் கடித்துக்கொண்டு, வரிசை வரிசையாக முயல் படம் போட்ட காகிதம். பனிச்சறுக்குக் கட்டை என்று மிரெக் சொன்ன இடத்தில் புதுக் கட்டில், மெத்தை, கோழியிறகு அடைத்த போர்வை. சுவரில் தொப்பி மாட்ட ஒரு சின்ன ஆணி, அதில் புதுப் பள்ளிக்கூடப் பை. லெஷெக்கின் இடுப்பில் யாக்னா படிக்க வாங்கிய குட்டி நாற்காலி. ஜன்னலோரம், தன் பழைய மேஜைமேல், நகராமல், கம்ப்யூட்டர்.

"நீதான் ஜெயிச்சே" என்றாள் போஷெனா. குரலில் துளி சிரிப்பு இல்லை. "கம்ப்யூட்டர் அறையிலேயே இருக்கு. நான் அதுமேல விரல்கூட வைக்கல. என் முறை வந்தப்பெல்லாம் முறையை முடிக்கற பொத்தானைக்கூட யாக்னாதான் அமுக்கினா."

லெஷெக் நண்பர்களைப் பார்த்தான். இருவரும் முயல்களைப் பார்த்தார்கள்.

"டேய் மிரெக்! நீயுமா?"

"என்னடா பண்ணச் சொல்றே? நீ ஒரு தடவை உட்கார்ந்து எழுந்திருக்கறதுக்குள்ள நான் ஒரு வீட்டுக்கே குழாய் மாத்திடுவேன். இனிமே இவ தூங்கற நேரத்துக்குள்ள நீ எழுந்துதானே ஆகணும்?"

"காகிதம் நேரா ஒட்டியிருக்கா பாரு" என்றான் குஸ்தாவ், கொஞ்சம் கவலையோடு. "இருட்டுல விளக்கு போடாம ஒட்டினது. உன் சட்டம்."

நாற்காலியைக் கழற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது.

அதற்குள் யாக்னா கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்தாள். காலை நன்றாக, எவ்வளவு முடியுமோ அவ்வளவு நீட்டினாள். கட்டில் இன்னும் மிச்சமிருந்தது. மறுபடி ஒருமுறை நீட்டிப் பார்த்தாள். அப்போதும் மிச்சமிருந்தது. அவள் முகத்தைப் பார்த்த லெஷெக், கழற்றிய நாற்காலியைக் கொண்டுபோய்க் கட்டிலருகே வைத்தான்.

இருந்தாலும் வென்றவன் வெறுங்கையோடு போக முடியுமா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேஜைப் பக்கம் ஓரடி வைத்தான். "சரி, சரி. எல்லாம் அழகாத்தான் இருக்கு. வாங்க, இன்னொரு ஆட்டம் போடலாம். முதல்ல நானே..."

"அப்பா" என்றாள் யாக்னா, போர்வைக்குள்ளிருந்து. "உன் முறை முடிஞ்சுது. சமையலறைக்குப் போ."